மேலிருந்து தெரியும் அமிலம்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைமீது 3,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் லெட்வில் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1860-இல் அங்குள்ள கலிஃபோர்னியா ஓடையின் மணலில் தங்கம் கிடைத்தது. தங்கம் குறைந்ததும் வெள்ளி, ஈயம், துத்தநாகம் என்று நூறாண்டுக்கு மேல் தோண்டினார்கள். வேண்டாத பாறையையும் அரைத்த கழிவையும் கண்ட இடத்தில் கொட்டினார்கள். அந்த மேடுகளில் ஊறி இறங்கிய தண்ணீர் ஆர்கன்சா ஆற்றில் கலந்து மீன்களைக் கொன்றது. 1983-இல் அரசு அந்தப் பகுதியை அவசரமாகத் துப்புரவு செய்ய வேண்டிய இடங்களின் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் எந்த மேட்டிலிருந்து தொடங்குவது? எல்லா மேடும் ஆற்றைக் கெடுப்பதில்லை. பைரைட் என்ற இரும்புக் கந்தகத் தாது உள்ள மேடுகள்தான் ஆபத்தானவை. பூமிக்கடியில் அது சும்மா கிடக்கும். வெளியே கொட்டி, காற்றும் மழையும் பட்டுவிட்டால் கந்தக அமிலம் சுரக்கத் தொடங்கும். அந்த அமிலம் பாறையிலுள்ள ஈயம், காட்மியம், துத்தநாகத்தைக் கரைத்துக்கொண்டு ஓடையில் இறங்கும்.

கரைந்த உலோகத்தை ஆகாயத்திலிருந்து பார்க்க முடியாது. அதன் கூட்டாளியைப் பார்க்கலாம். பைரைட் சிதையும்போது வெளிவரும் இரும்பு, அமிலம் மிகக் கடுமையாக உள்ள இடத்தில் ஜாரோசைட் என்ற வைக்கோல் நிறத் தாதுவாகப் படியும். அமிலம் தணிந்த இடத்தில் கோதைட் என்ற தாதுவாகப் படியும். பள்ளி ஆய்வகத்து லிட்மஸ் தாளைப் போல, நிலமே தன் அமிலத்தன்மையை மேற்பரப்பில் காட்டிவிடுகிறது. சிக்கல் என்னவென்றால், நம் கண்ணுக்கு இரண்டுமே மஞ்சளும் பழுப்புமான மண்தான்.

இங்கேதான் நாசாவின் அவிரிஸ் கருவி உதவியது. சாதாரண கேமரா ஒளியைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றாகப் பிரிக்கும். அவிரிஸ் அதை 400 முதல் 2,500 நானோமீட்டர் வரை 224 பட்டைகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு தாதுவும் சில அலைநீளங்களை மட்டும் விழுங்கும். ஜாரோசைட் 430 நானோமீட்டர் அருகிலும் 2,265 அருகிலும் ஒளியை விழுங்குகிறது. இந்த இரண்டு அலைநீளத்திலும் ஒளி குறைவது படத்தின் ஒரே புள்ளியில் தெரிந்தால் அங்கே ஜாரோசைட் இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

1995 ஜூலையில், சுமார் 20 கிலோமீட்டர் உயரத்தில் பறந்த ஈஆர்-2 விமானத்திலிருந்து லெட்வில்லைப் படமெடுத்தார்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் கிரெக் ஸ்வேஸி குழுவினர் அதிலிருந்து தாது வரைபடம் வரைந்தபோது, மோசமான மேடுகள் வளையம் வளையமாகத் தெரிந்தன: நடுவில் ஜாரோசைட், சுற்றிலும் ஜாரோசைட்டும் கோதைட்டும் கலந்த வளையம், வெளி ஓரத்தில் கோதைட் மட்டும். மண்ணை அள்ளி நீரில் ஊறவைத்துச் சோதித்தார்கள். ஜாரோசைட் இருந்த நடுப்பகுதி மண்ணில்தான் உலோகம் அதிகம் கரைந்து வந்தது. இந்த வரைபடத்தால் ஆய்வில் இரண்டு ஆண்டும் 20 லட்சம் டாலருக்கு மேலும் மிச்சமானதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்கிட்டது.

இந்த வழிக்கு எல்லைகளும் உண்டு. ஒளி மண்ணுக்குள் இறங்காது. மேல்தோலில் உள்ளதை மட்டுமே சொல்லும். புல் முளைத்துவிட்டாலும் பனி மூடிவிட்டாலும் கருவிக்கு ஒன்றும் தெரியாது. இன்னொன்று, என் பார்வையில் இதுதான் முக்கியம்: ஜாரோசைட் தென்படாத மேட்டை நல்ல மேடு என்று நம்பிவிடக் கூடாது.

கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்ளுங்கள். வடஆர்க்காடு, சேலம் பக்கமிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக உழைத்த சுரங்கம் அது, 2001-இல் மூடப்பட்டது. சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தபின் மிஞ்சிய அரைமண், வீடுகளுக்குப் பக்கத்திலேயே குன்றுகளாக நிற்கிறது. அங்கே அதிகம் தோண்டிய சாம்பியன் ரீஃப் நாளம் பெரும்பாலும் குவார்ட்ஸ், கந்தகத் தாது குறைவு. ஆகவே லெட்வில்லின் மஞ்சள் அடையாளத்தை மட்டும் தேடினால் போதாது. பலமாகக் காற்று வீசும் மாதங்களில் அந்த மண் தூசாகக் கிளம்பி வீட்டுக்குள் வந்துவிடுகிறது. எனவே மண் எந்தப் பக்கம் நகர்கிறது, மழைநீர் எங்கே அரித்து ஓடையில் இறக்குகிறது என்பதையே முதலில் வரைய வேண்டும். 2015 முதல் சென்டினல்-2 செயற்கைக்கோள் எடுத்துவரும் படங்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அந்த மண்ணில் ஆர்சனிக் போன்ற நச்சு எவ்வளவு என்பதை அறிய மண்ணை ஆய்வகத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். எந்தத் தெருவில், எந்த ஓடைக்கரையில் அள்ளுவது என்பதை அந்தப் படங்களை வைத்து முடிவு செய்யலாம்.