நஞ்சும் மருந்தும்

அண்மையில் என் மாணவன் ஒருவனின் தாயார் ஒரு கேள்வியோடு வந்தார். மகனின் நெஞ்சுச் சளி பெனிசிலின் வகை மருந்தால் தீர்ந்தது. ஆனால், மருந்து முடியுமுன்னே நாவில் வெண்படை படர்ந்துவிட்டது. "ஐயா, கிருமியைக் கொல்லுகிற மருந்துதானே? இந்தக் கிருமியை ஏன் விட்டது?" என்றார். நான் விஞ்ஞானம் பயின்றவன் அல்லன். நூல்களைப் புரட்டி அறிந்ததையே கூறுகின்றேன்.

கிருமியைக் கொல்வது அரிதன்று. நெருப்பும் அமிலமும் அதைச் செய்யும். கிருமியைக் கொன்று நோயாளியை விட்டுவைப்பதே அரிது. அதற்குக் கிருமியிடம் உள்ளதும் நம்மிடம் இல்லாததுமான ஒன்றைக் கண்டு தாக்கவேண்டும். பற்றீரியாவின் கலத்தைச் சூழ ஒரு சுவருண்டு. நம் கலங்களுக்கு இல்லை. பெனிசிலின் அச்சுவரைக் கட்டவிடாது. நாவிலே படர்ந்ததோ காளான் இனத்துப் பங்கசு. அதன் சுவர் வேறு பொருளாலானது. பெனிசிலினுக்கு அங்கே வேலையில்லை. போட்டிக்கு நின்ற பற்றீரியாக்கள் மடியவே, பங்கசு பெருகிற்று.

பங்கசு, பற்றீரியாவைவிட நமக்கு நெருங்கிய உறவு. நெல்லைப் போலவே தோன்றும் களையைப் பிடுங்குவது போன்ற வேலை இது. உற்று நோக்கியோர் ஒரு வேறுபாடு கண்டனர்: நம் கலமென்சவ்வில் இருப்பது கொலஸ்திரோல், பங்கசின் சவ்வில் இருப்பது எர்கொஸ்திரோல். 1950இல் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்னும் அமெரிக்கப் பெண்மணிகள் அறிவித்த நிஸ்டற்றின், எர்கொஸ்திரோலைப் பற்றிக்கொண்டு சவ்வைத் துளைக்கும். உள்ளிருக்கும் பொற்றாசியம் ஒழுகிப் பங்கசு மடியும். ஒருவர் நியூயோர்க்கிலும் மற்றவர் ஓல்பனியிலும் இருந்து, மாதிரிகளைத் தபாலில் அனுப்பியே இதைச் சாதித்தனர் என்பது எனக்குப் பெருவியப்பு! ஆயினும், இரு பொருள்களும் உடன்பிறப்புகள் போன்றவை. ஆகவேதான், இவ்வகையைச் சேர்ந்த அம்போற்றெரிசின், குருதியில் ஏற்றப்படும்போது சிறுநீரகத்தையும் வருத்துகின்றது.

வைரசின் கதை இன்னும் சிக்கலானது. அதற்குச் சொந்தக் கலமே இல்லை. நம் கலத்துள் புகுந்து நம் கருவிகளைக்கொண்டே பெருகுவது. வீட்டைக் கொளுத்தாமல் உள்ளிருக்கும் கள்வனைப் பிடிப்பது எங்ஙனம்? 1988இல் நோபல் பரிசு பெற்றோருள் ஒருவரான கேர்ட்ரூட் எலியனின் குழுவினர் உருவாக்கிய அசைக்குளோவிர் ஒரு வழி காட்டிற்று. அம்மருந்து நம் கலங்களில் பெரும்பாலும் உறங்கியே கிடக்கும். ஹேர்ப்பிஸ் வைரசு புகுந்த கலத்திலோ, அவ்வைரசின் நொதியமே அதனைத் தட்டி எழுப்பும். எழுந்த மருந்து, வைரசு பின்னும் பரம்பரை இழையில் பொய்க் கண்ணியாகப் புகும். இழை மேலே நீளாது. கள்வனின் கையே கள்வனுக்கு விலங்கு பூட்டுகின்றது. அந்நொதியம் இல்லாத தடிமன் வைரசிடம் இதே மருந்து பயன்படாது, பெனிசிலினும் பயன்படாது.

அச்சிறுவனுக்கு வைத்தியர் நிஸ்டற்றின் துளிகள் கொடுத்தார். சில நாள்களில் வெண்படை அகன்றது.