அஸ்காட்டுத் தொப்பி

இங்கிலாந்தின் பெர்க்ஷயரில் அஸ்காட் என்னும் ஊர் உள்ளது. ஆன் அரசியார் 1711-இல் தொடங்கி வைத்த குதிரைப் பந்தயம் அங்கே ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் நடைபெறுகிறது. குதிரைகளைக் காண வருவோரைவிடத் தொப்பிகளைக் காண வருவோரே மிகுதியோ என்று நான் ஐயுறுவதுண்டு.

அரச வளாகத்தினுள் ஆடவர்க்கு உயர்ந்த உருளைத் தொப்பியே விதி; ஆதலின் தேர்ந்தெடுக்கும் தொல்லை அவர்கட்கு இல்லை. பெண்டிர் தொப்பி அணியலாம்; அன்றேல், 10 சென்டிமீட்டர் குறுக்களவேனும் உள்ள உறுதியான அடித்தளத்தின்மீது அமைந்த தலையலங்காரம் சூடலாம். இறகொன்றைக் கூந்தலில் செருகிக்கொண்டு வருவது 2012 முதல் அங்கே விலக்கப்பட்டுள்ளது.

விளிம்பைத்தான் முதலில் நோக்க வேண்டும். அகன்ற விளிம்பு வெயிலைத் தடுக்கும். ஆயின் தொலைநோக்கியைக் கண்ணருகே கொணர்ந்தால் இடிக்கும். பின்னால் நிற்பவர்க்குப் பந்தயமே தெரியாது. காற்றடித்தால் தொப்பியும் ஓடத் தொடங்கும்! முன்புறம் சற்றே மேல்நோக்கி வளைந்த விளிம்பே என் கருத்தில் சிறந்தது. பொருளோ இலேசாக இருத்தல் நலம். நம் வாழைக்கு உறவான அபாக்காவின் நாரால் நெய்யப்படும் 'சினாமே' இதற்கு ஏற்றது. நனைந்தால் மட்டும் விறைப்புக் குன்றும்.

நிறம் அவரவர் விருப்பம். ஆனால் 1910 மே மாதத்தில், பந்தயப் பிரியரான ஏழாம் எட்வர்டு மன்னர் மறைந்தார். அடுத்த மாதம் பந்தயம் நிறுத்தப்படவில்லை. வந்த பெண்டிர் அகன்ற கறுப்புத் தொப்பிகளில் கறுப்பு இறகுகளைச் சூடியிருந்தனர்.