கூரையில் சூரியன்... வேனுக்குள் நிம்மதித் தூக்கம்!

இந்த வருஷம் மாசி மாதம். காலை பத்து மணி இருக்கும். சூலக்கரையில் என் வைத்தியசாலை வாசலில் ஒரு பெரிய வேன் வந்து நின்றது. பாட்டி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று ஆறு பேர் இறங்கினார்கள். ஒருவர் முகத்திலும் தெளிவு இல்லை. பாட்டியை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கொண்டு வந்தார்கள்.

"டாக்டரய்யா, திருச்செந்தூர் போயிட்டு வர்றோம். விடிஞ்சதுல இருந்து எல்லாருக்கும் தலைவலி, வாந்தி. பித்தம் ஏறிருச்சு போல. சுக்குக் கஷாயம் ஏதாச்சும் கொடுங்க" என்றார் மகன்.

பித்தம் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். நானும் நாடி பார்த்து, இஞ்சியோ சுக்கோ கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் எப்படிப் பித்தம் ஏறும்?

"எல்லாரும் ஒரே இடத்துலயா சாப்பிட்டீங்க?"

"ஆமாய்யா. ஆனா சின்னவன் ராத்திரி ஒண்ணுமே சாப்பிடல. அவனும்தான் வாந்தி எடுத்தான்."

"டிரைவருக்கு?"

"அவருக்கு ஒண்ணும் இல்ல. வெளிய மண்டபத்துல துண்டை விரிச்சுப் படுத்துட்டாரு. நாங்கதான் வேனுக்குள்ள ஏ.சி. போட்டுக்கிட்டுத் தூங்கினோம்."

அந்த ஏ.சி. எதில் ஓடியது? வேனின் பின்பக்கம் பொருத்தியிருந்த ஜெனரேட்டரில்! புரிந்துவிட்டது. கஷாயத்தை மறந்துவிட்டு, நேரே அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். வரும் வழியெல்லாம் ஜன்னலைத் திறந்து வைத்திருந்ததால் பாதி தெளிந்திருந்தார்கள். அங்கே ஆக்ஸிஜன் வைத்தார்கள். சாயங்காலம் எல்லோரும் நலம்.

மணமே இல்லாத விஷம்

பட்டாசு ஆலைகளுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவர்கள் நாம். தீப்பொறி என்றால் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மருந்து வாடை வந்தாலே மூக்கு சொல்லிவிடும். ஆனால் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. பெட்ரோல், டீசல், விறகு, கரி என எது அரைகுறையாக எரிந்தாலும் இந்த வாயு வரும்.

நம் ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இந்த வாயு அதில் ஒட்டிக் கொள்ளும். பிறகு ஆக்ஸிஜனுக்கு இடம் ஏது? முதலில் தலைவலி, பிறகு தலைச்சுற்றல், வாந்தி, அசதி... தூங்கிக் கொண்டிருப்பவருக்கு இது எதுவும் தெரியாது. அப்படியே மயக்கம், அப்புறம் மரணம்.

2024 டிசம்பரில் கேரளாவின் வடகரை அருகே சாலையோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரை ஓடவிட்டு ஏ.சி.யில் தூங்கியவர்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் சோதனை செய்து கண்டறிந்தார்கள்.

விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் மானியை நம்பியும் இருந்துவிடாதீர்கள். அதற்கு இரண்டு வாயுவையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆபத்தான நிலையிலும் 98 என்று காட்டும்.

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து, இத்தனை வருஷம் வைத்தியம் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். இதற்குச் சூரணமும் இல்லை, கஷாயமும் இல்லை. உடனே திறந்த வெளிக்குத் தூக்கிச் செல்லுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். ஆக்ஸிஜன் ஒன்றுதான் மருந்து.

வெயிலுக்கா பஞ்சம்?

ஒரு வாரம் கழித்து அந்த மகன் மறுபடி வந்தார். சொந்த வேனாம். குடும்பத்தோடு கோயில் கோயிலாகப் போக ஆசைப்பட்டு, படுக்கை எல்லாம் போட்டு மாற்றியிருக்கிறார். "ஜெனரேட்டரைக் கழட்டிட்டேன்யா. ஆனா கரண்டு இல்லாம எப்படி? மேல சோலார் போடலாமா?" என்று கேட்டார்.

தாராளமாகப் போடலாம்! நம் சீமையின் காய்ந்த வெயில்தான் தீக்குச்சியையும் பட்டாசையும் உலர்த்திக் கொடுத்து நமக்குச் சோறு போட்டது. பக்கத்துக் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையமே வந்துவிட்டது. ஓடும் வண்டிக்கும் இது புதிதல்ல. 2017-ல் டெல்லியில் ஒரு டீசல் ரயிலின் பெட்டிகளுக்கு மேலே சோலார் பேனல் பொருத்தி, உள்ளே விளக்கும் மின்விசிறியும் ஓட விட்டார்கள். அதே வருஷம் கேரளாவின் வைக்கத்தில் 75 பேர் போகும் 'ஆதித்யா' படகு, சூரிய மின்சாரத்தில் ஓட ஆரம்பித்தது.

ஆனால் கடைக்காரர் சொல்வதை மட்டும் கேட்டு வாங்கக் கூடாது. முதலில் ஒரு காகிதம், பென்சில் எடுங்கள்.

எவ்வளவு மின்சாரம் வேண்டும்?

ஒரு கருவியின் வாட் அளவை, அது ஓடும் மணி நேரத்தால் பெருக்குங்கள். அந்தக் குடும்பத்துக்கு நானும் எலக்ட்ரீஷியனும் உட்கார்ந்து போட்ட கணக்கு இது.

15 வாட் மின்விசிறி இரண்டு, எட்டு மணி நேரம்: 240. 
5 வாட் எல்.இ.டி. விளக்கு மூன்று, ஐந்து மணி நேரம்: 75. 
நான்கு செல்போன்கள்: 60. 
பாட்டியின் இன்சுலினுக்குச் சின்ன ஃபிரிட்ஜ்: சுமார் 400.

மொத்தம் 775 வாட்-மணி. அதாவது முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே.

300 வாட் பேனல் போட்டால், நல்ல வெயில் நாளில் நாலரை மணி நேரத்துக்கு முழு வெயில் என்று வைத்துக் கொள்ளலாம். சூடு, தூசி, வயர் என்று முப்பது சதவிகிதம் கழித்தாலும் சுமார் 945 கிடைக்கும். மேகம் மூடிய நாளில் பாதிகூடத் தேறாது என்பதால் 400 வாட் போட்டால் நிம்மதி.

ராத்திரிக்குச் சேமிக்க பேட்டரி வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி கொண்ட லித்தியம் அயன் பாஸ்பேட் பேட்டரி போதும். வழக்கமான ஈயம்-அமில பேட்டரி என்றால் 150 ஆம்பியர்-மணி வேண்டும். பாதிக்கு மேல் அதைக் காலி செய்தால் சீக்கிரம் கெட்டுவிடும். எடையோ ஐம்பது கிலோவை எட்டும்!

ஏ.சி. ஓடுமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்... ஓடாது. ஒரு டன் ஏ.சி. ராத்திரி முழுக்க ஓட ஆறு யூனிட்டுக்கு மேல் வேண்டும். வேன் கூரையில் கிடைப்பது ஒன்றரை யூனிட் கிடைத்தாலே அதிகம். ஏ.சி.தான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள்தான் மறுபடி ஜெனரேட்டருக்குப் போகிறார்கள். அல்லது வண்டி இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குகிறார்கள். அதுவும் அதே ஆபத்துதான்.

ஜன்னலுக்குக் கொசுவலை, தலைமாட்டில் மின்விசிறி. இது போதும் என்று மனசைத் தேற்றிக் கொள்ளுங்கள்.

பொருத்தும்போது கவனியுங்கள்

* பேனலுக்கும் வேன் கூரைக்கும் நடுவே இரண்டு மூன்று அங்குலம் காற்றோட்டம் வேண்டும். பேனல் சூடாகச் சூடாக மின்சாரம் குறையும். அந்த இடைவெளியால் வேனுக்குள்ளும் வெக்கை குறையும்.

* லக்கேஜ் கேரியரின் நிழல் ஒரு ஓரத்தில் விழுந்தால்கூட மின்சாரம் வெகுவாகக் குறையும். நிழல் விழாத இடம் பாருங்கள்.

* வெறும் பசையை நம்பாதீர்கள். நான்குவழிச் சாலையில் போகும்போது காற்று பேனலைப் பிய்த்தெறியப் பார்க்கும். இரும்புச் சட்டம், போல்ட், அதன் மேல் மழைத் தண்ணீர் இறங்காமல் சீலன்ட்... மூன்றும் வேண்டும்.

* பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். வயர் மெலிசாக இருந்தால் சூடேறித் தீப்பிடிக்கும். நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் கட்டாயம்.

* ஈயம்-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும். அது சட்டென்று தீப்பிடிக்கும் வாயு. படுக்கைக்கு அடியில் வைக்கவே கூடாது. தனிப் பெட்டியில் வைத்து, வெளியே காற்று போக வழி விடுங்கள்.

* 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, வண்டியை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸிலும் முதலிலேயே கேட்டுக் கொள்ளுங்கள்.

* 2024-ல் அறிவித்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தின் மானியம் வீட்டுக் கூரைக்குத்தான். "வேனுக்கும் வாங்கித் தர்றேன்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

* கார்பன் மோனாக்சைடு வந்தால் சத்தம் போடும் சின்னக் கருவி விற்கிறது. சோலார் போட்டாலும் அதை ஒன்று மாட்டி வையுங்கள். பக்கத்தில் நிற்கும் வண்டியின் புகைகூட உள்ளே வரலாமே! குளிருகிறது என்று கரி அடுப்பை வேனுக்குள் வைக்கவே வேண்டாம்.

வண்டி வெயிலில், நாம் நிழலில்

பேனலுக்கு வெயில் வேண்டும். நமக்கோ நிழல் வேண்டும். இரண்டும் ஒத்துப் போகாது. எனவே பகலில் வண்டியை வெட்டவெளியில் விட்டுவிட்டு, நீங்கள் மரத்தடிக்கோ மண்டபத்துக்கோ போய்விடுங்கள். பூட்டிய வேனில் பிள்ளைகளையோ, வயசானவர்களையோ "அஞ்சு நிமிஷம்தானே" என்று விட்டுப் போகாதீர்கள். மோர், நன்னாரித் தண்ணீர் அடிக்கடி குடியுங்கள். வாரம் ஒருமுறை காலையில், சூடு ஏறுமுன் பேனலைத் தண்ணீர் ஊற்றித் துடையுங்கள்.

ஆடி கடைசி வெள்ளிக்கு அந்தக் குடும்பம் அதே வேனில் இருக்கன்குடி போய் வந்தது. மறுநாள் பாட்டியே போனில் பேசினார்.

"நல்லாத் தூங்குனோம் டாக்டரு. ஃபேனு விடிய விடிய ஓடுச்சு. என்ன... கொஞ்சம் வேர்த்துச்சு."

"வேர்த்தா துண்டால தொடச்சுக்கிடலாம் பாட்டி" என்றேன். நீங்களும் அதையே நினைவில் வையுங்கள்!