தோளோடு தோள் – 8: பயிற்சிக் களத்தில் கிடைப்பதும் கிடைக்காததும்

2025 ஆகஸ்ட் 27. இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா விதித்த 50 சதவீத வரி அன்று அமலுக்கு வந்தது. திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியாளர்கள் ஆர்டர்கள் கைநழுவிப் போகுமே என்று கலங்கி நின்றார்கள். டெல்லிக்கும் வாஷிங்டனுக்கும் இடையே பேச்சு கசந்திருந்த நேரம். ஆனால் அடுத்த சில நாட்களிலேயே இந்திய ராணுவத்தின் அணி ஒன்று அமெரிக்க மண்ணில் இருந்தது. செப்டம்பர் 1 முதல் 14 வரை, அலாஸ்கா மாநிலத்தின் ஃபோர்ட் வெயின்ரைட் முகாமில் ‘யுத் அப்யாஸ்’ கூட்டுப் பயிற்சி. இந்தியாவிலிருந்து போனவர்கள் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பட்டாலியன் ஒன்றைச் சேர்ந்தவர்கள்.

நீலகிரி வெலிங்டனை மையமாகக் கொண்டது அந்த ரெஜிமென்ட். அதன் வரலாறு 1758-ல் தொடங்குகிறது. ராணுவ வட்டாரத்தில் அதன் வீரர்களுக்குத் ‘தம்பிகள்’ என்றே பெயர். தமிழும் மலையாளமும் தெலுங்கும் கன்னடமும் பேசும் அந்தத் தம்பிகள், அமெரிக்காவின் 11-வது ஏர்போர்ன் டிவிஷன் வீரர்களோடு மலைப்போர் முறைகளையும், ஹெலிகாப்டரிலிருந்து களமிறங்குவதையும், எதிரி ட்ரோன்களைச் சமாளிப்பதையும் பழகினார்கள்.

அரசுகள் வரிக்காக மல்லுக்கட்டும்போது படைகள் மட்டும் எப்படிச் சேர்ந்து பயிற்சி செய்கின்றன? இதனால் ஒரு நாட்டுக்கு உண்மையில் கிடைப்பது என்ன?

கதவருகே நான்கு பேர்

கொடியேற்றம், இரு நாட்டு தேசிய கீதங்கள், கைகுலுக்கும் அதிகாரிகள். செய்திப் படங்களில் பெரும்பாலும் இவ்வளவுதான் வரும். வேலை தொடங்குவது அதற்குப் பிறகு. முதலில் இவர்கள் துப்பாக்கியை அவர்களும் அவர்கள் துப்பாக்கியை இவர்களும் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள், கழற்றி மாட்டுகிறார்கள், சுட்டுப் பழகுகிறார்கள். அடுத்தது, கட்டடத்துக்குள் பதுங்கியிருக்கும் ஆயுததாரிகளைப் பிடிக்கும் பயிற்சி.

கதவருகே நான்கு பேர் ஒருவர் பின் ஒருவராக ஒட்டி நிற்பார்கள். முதல் ஆள் உள்ளே பாய்ந்து ஒரு மூலைக்குத் திரும்பினால், இரண்டாவது ஆள் எதிர் மூலைக்குத் திரும்ப வேண்டும். ஒருவரின் துப்பாக்கிக் குழல் இன்னொருவரின் குறுக்கே வந்துவிடக் கூடாது. எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். வருடக்கணக்கில் ஒரே அணியில் இருப்பவர்களுக்கு இது யோசிக்காமலே வரும். அந்த இரண்டாவது ஆள் வேறொரு நாட்டுக்காரர் என்றால்? ‘நில்’ என்பதற்கு ஒரு படை காட்டும் கைச்சைகை இன்னொரு படைக்கு வேறு பொருள் தரலாம். அதனால்தான் ஆரம்பத்தில் நடந்தே காட்டுகிறார்கள். வேகம் பிறகு, நிஜத் தோட்டா அதற்கும் பிறகு.

இன்னொரு பக்கம் அதிகாரிகள் வரைபடங்களோடு உட்கார்ந்திருப்பார்கள். கற்பனையான ஒரு நாடு, அங்கே கலவரம், அமைதியை மீட்க வரும் பன்னாட்டுப் படை. இந்திய ராணுவத்தின் கூட்டுப் பயிற்சிகள் பலவும் ஐ.நா. சாசனத்தின் 7-வது அத்தியாயத்தை அடிப்படையாக வைத்தே நடக்கின்றன. அமைதிக்கு ஆபத்து வரும்போது படைபலத்தைப் பயன்படுத்தப் பாதுகாப்புக் கவுன்சிலுக்கு அதிகாரம் தரும் அத்தியாயம் அது. ஐ.நா. அமைதிப் பணிக்கு அதிக வீரர்களை அனுப்பும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. முன்பின் அறியாத படைகளோடு ஆப்பிரிக்காவில் நிற்க வேண்டியவர்களுக்கு இந்த ஒத்திகை உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

2016 மார்ச்சில் புனேயில் 18 நாடுகள் கலந்துகொண்ட ‘ஃபோர்ஸ் 18’ பயிற்சியில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர் லெப்டினென்ட் கர்னல் சோஃபியா குரேஷி. பன்னாட்டு ராணுவப் பயிற்சியில் இந்திய அணியை வழிநடத்திய முதல் பெண் அதிகாரி. 2025 மே மாதம் ‘ஆபரேஷன் சிந்தூர்’ பற்றி நாட்டுக்கு விளக்கியவரும் அவரேதான். ஐ.நா. பணியில் காங்கோவில் இருந்த அனுபவமும் அவருக்கு உண்டு.

ஆட்டமும் ஒப்பந்தமும்

2019 செப்டம்பரில், வாஷிங்டன் மாநிலத்தின் லூயிஸ்-மெக்கோர்ட் தளத்தில் எடுத்த ஒரு வீடியோ நாடெங்கும் பரவியது. அசாம் ரெஜிமென்ட் வீரர்களோடு சேர்ந்து அமெரிக்க வீரர்களும் கைதட்டிக் குதித்து ஆடுகிறார்கள். பாடல், அந்த ரெஜிமென்ட்டின் பத்லூராம் பாட்டு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரை எதிர்த்து நின்று இறந்த சிப்பாய் பத்லூராம். அவர் இறந்த பிறகும் அவர் பெயரில் ரேஷன் வந்துகொண்டிருந்தது. வழி அடைபட்டு உணவு வராமல் போன நாட்களில் சேர்த்து வைத்த அந்த ரேஷன்தான் தோழர்களின் வயிற்றை நிரப்பியது என்பது ரெஜிமென்ட்டின் கதை.

சேர்ந்து ஆடியவர்கள் சேர்ந்து சண்டையிடவும் வேண்டுமானால், ஆட்டத்தோடு ஒப்பந்தமும் தேவை. இந்தியாவும் அமெரிக்காவும் 2016-ல் கையெழுத்திட்ட ‘லெமோவா’ ஒப்பந்தத்தால் எரிபொருள், உணவு, உதிரி பாகங்களை ஒரு படை இன்னொரு படையிடம் பெற்றுக்கொண்டு கணக்கைப் பிறகு தீர்க்க வழி பிறந்தது. 2018-ல் வந்த ‘காம்காசா’, அடுத்தவர் ஒட்டுக்கேட்க முடியாத தகவல் தொடர்புக் கருவிகளை இந்தியா பெற வழி செய்தது. 2020-ல் லடாக்கில் பல்லாயிரம் வீரர்களைக் கடுங்குளிரில் நிறுத்த வேண்டி வந்தபோது, இந்தியா அமெரிக்காவிடமிருந்து அவசரமாகப் பனிக்கால உடைகளை வாங்கியது. பயிற்சிக் களத்தில் வளர்ந்த பழக்கம் அந்த நெருக்கடியில் கைகொடுத்தது.

கைகோத்த படைகள்

மறுபக்கத்தையும் பார்த்தாக வேண்டும். இந்தியாவும் சீனாவும்கூடக் கூட்டுப் பயிற்சி நடத்தியிருக்கின்றன. பெயர் ‘ஹேண்ட் இன் ஹேண்ட்’. 2007-ல் சீனாவின் குன்மிங்கில் தொடங்கியது. 2019 டிசம்பரில் மேகாலயாவின் உம்ரோயில் இரு படைகளும் பயங்கரவாத எதிர்ப்பை ஒன்றாக ஒத்திகை பார்த்தன.

அடுத்த ஆறே மாதத்தில், 2020 ஜூன் 15 இரவு, கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய வீரர்கள் 20 பேர் சீனப் படையோடு மோதி உயிர்நீத்தனர். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி. எல்லைத் தகராறைத் தீர்க்கும் சக்தி எந்தப் பயிற்சிக்கும் இல்லை என்பதை அந்த இரவு காட்டியது. சிப்பாய்கள் கைகுலுக்கியதை அரசுகள் சமாதானமாக எண்ணிக்கொண்டால், விலை கொடுப்பது சிப்பாய்கள்தான்.

பயிற்சியே தகராறாவதும் உண்டு. 2022 நவம்பரில் உத்தராகண்டின் ஆலியில், சீன எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் யுத் அப்யாஸ் நடந்தது. எல்லை பற்றி இரு நாடுகளும் செய்துகொண்ட 1993, 1996 ஒப்பந்தங்களுக்கு இது எதிரானது என்றது சீனா. யாரோடு பயிற்சி செய்வது என்பதைத் தடுக்கும் அதிகாரத்தை மூன்றாம் நாட்டுக்குத் தரவில்லை என்று இந்தியா பதில் சொன்னது.

பெலகாவியிலிருந்து கிளிநொச்சி

அண்டை நாடுகளோடு நடப்பவை இவ்வளவு பரபரப்பானவை அல்ல. ஆனால் பலன் அங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது. நேபாளத்தோடு ‘சூர்ய கிரண்’ 2011 முதல் நடக்கிறது. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் நேபாளம் இடிந்து விழுந்தபோது, அன்றே இந்திய மீட்பு விமானங்கள் காத்மாண்டுவில் இறங்கின. அக்னிபத் திட்டத்துக்குப் பிறகு இந்திய ராணுவத்துக்கு நேபாள கூர்க்காக்களைச் சேர்ப்பது நின்றுபோயிருந்தும் சூர்ய கிரண் நிற்கவில்லை.

இலங்கையோடு நடக்கும் ‘மித்ர சக்தி’யைத் தமிழ்நாடு வேறு கண்ணோடு பார்க்கிறது. 2012 ஜூலையில் தாம்பரத்தில் பயிற்சிக்கு வந்திருந்த இலங்கை விமானப்படையினர் ஒன்பது பேர், அன்றைய முதல்வர் ஜெயலலிதாவின் எதிர்ப்பைத் தொடர்ந்து பெங்களூருவின் எலஹங்காவுக்கு மாற்றப்பட்டார்கள். முள்ளிவாய்க்காலின் காயம் ஆறாத நிலத்தில் அந்த எதிர்ப்புக்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

2025 நவம்பரில் கர்நாடகத்தின் பெலகாவியில் 11-வது மித்ர சக்தி முடிந்த சில நாட்களில், டிட்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டது. 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இந்திய ராணுவம் மஹியங்கனையில் கள மருத்துவமனை அமைத்தது. கிளிநொச்சி மாவட்டத்தில் வெள்ளம் துண்டித்த சாலையில் ராணுவப் பொறியாளர்கள் பெய்லி பாலம் போட்டார்கள். பெலகாவியில் பழகியவர்களேதான் அங்கே போனார்கள் என்பதல்ல. ஆனால் ஒரு நாட்டுப் படை இன்னொரு நாட்டு மண்ணில் தாமதமின்றி வேலையைத் தொடங்க, இரு தரப்புக்கும் முன்பழக்கம் வேண்டும். அதைத் தருவது இந்தப் பயிற்சிகள். அந்தப் பாலம் 2009 முள்ளிவாய்க்காலுக்கான பொறுப்புக்கூறலை ரத்து செய்துவிடாது. அந்தக் கேள்வி கொழும்பு அரசின் முன் அப்படியே இருக்கிறது. ஆனால் பாலத்தைக் கடந்து மருத்துவமனைக்குப் போகும் கிளிநொச்சித் தமிழருக்கு அது இன்றைய தேவை.

இதுவரை பார்த்தவை தரையில் நடப்பவை. கடலில் கதை இன்னும் சிக்கலானது. 1992-ல் இந்தியாவும் அமெரிக்காவும் தொடங்கிய ‘மலபார்’ கடற்படைப் பயிற்சி, 1998 அணுகுண்டுச் சோதனைக்குப் பின் அறுந்து, 2002-ல் மீண்டும் ஒட்டியது. பிறகு ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் அதற்குள் எப்படி வந்தன, 2017-ல் மூன்று நாட்டுப் போர்க்கப்பல்கள் சென்னைக்கு ஏன் வந்தன என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)