பழைய ஆடியோவை ‘ஃப்ளாக்’ ஆக மாற்றப் போறீங்களா? முதலில் இதைப் படிங்க!

பழைய மெமரி கார்டிலோ கணினியிலோ தாத்தா பேசியது, அக்கா கல்யாண நாதஸ்வரம், ஊர்த் திருவிழா வில்லுப்பாட்டு என்று ஏதாவது ஒரு பதிவு உங்களிடமும் இருக்கும். திரும்பப் பதிவு செய்ய முடியாத குரல்கள் அவை. “புது ஃபார்மேட்டுக்கு மாத்தினா குவாலிட்டி கூடிடும்” என்று நம்பி, மாற்றிய கையோடு மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள்.

ஃப்ளாக் என்றால் என்ன?

ஒலியில் எதையும் இழக்காமல் கோப்பின் அளவை மட்டும் குறைக்கும் முறை இது. 2001 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. 2024-இல் ஆர்.எஃப்.சி. 9639 என்ற இணையத் தர ஆவணமாகவும் வெளியானது. ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாததால் நாளைக்கும் திறக்கும் என்று நம்பலாம். ஆண்ட்ராய்டு போன்களிலும், ஐ.ஓ.எஸ். 11-க்குப் பிந்தைய ஐபோன்களிலும் இயங்கும்.

ஒரு பட்டுப்புடவையைப் பெட்டியில் வைக்கணும். அழகாக மடித்து வைத்தால் ஃப்ளாக். எப்போது பிரித்தாலும் முழுப் புடவை. இடம் போதாதென்று ஓரத்தை வெட்டி வைத்தால் எம்.பி.3. வெட்டிய துணியை எவ்வளவு நல்ல பெட்டியில் வைத்தாலும் போன ஓரம் திரும்பாது.

எதை மாற்றலாம்?

• வேவ் கோப்புகள், ஆடியோ சிடிக்கள்: தாராளமாக மாற்றலாம். சிடி தரத்தில் ஒரு நிமிட ஒலி சுமார் 10 மெகாபைட். ஃப்ளாக்கில் அது பெரும்பாலும் 5 முதல் 7 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும்.

• ஏ.பி.இ., டபிள்யூ.எம்.ஏ. லாஸ்லெஸ்: இவையும் இழப்பில்லாத வகைதான். ஆனால் இன்றைய பல போன்களில் நேரடியாகத் திறக்காது. மாற்றுவது நல்லது.

• கேசட்: கணினியில் பதிவு செய்யும்போதே ஃப்ளாக் ஆகச் சேமியுங்கள். நாடா நாளாக நாளாகத் தேயும்; ஓட்டும் பிளேயர் கிடைப்பதும் கஷ்டம். இதைத் தள்ளிப்போடாதீங்க.

எதை அப்படியே விடணும்?

எம்.பி.3, பழைய பட்டன் போன்களின் ஏ.எம்.ஆர்., வாட்ஸ்அப் குரல் பதிவுகள். இவை ஏற்கெனவே வெட்டப்பட்டவை. ஃப்ளாக் ஆக்கினால் கோப்பு பெருக்குமே தவிர, ஒலி கொஞ்சமும் கூடாது. ஏ.எம்.ஆர். உங்கள் போனில் திறக்கவில்லையா? கேட்பதற்கு ஒரு நகல் மாற்றிக்கொள்ளுங்கள். மூலத்தைப் பத்திரமாக வையுங்கள்.

எப்படி மாற்றுவது?

1. முதலில் எல்லாக் கோப்புகளையும் வேறொரு பென்டிரைவில் நகல் எடுங்கள்.

2. விண்டோஸ் கணினியில் ‘ஃபூபார்2000’ என்ற இலவச மென்பொருளையும், அதன் ‘என்கோடர் பேக்’கையும் அதே இணையதளத்திலிருந்து நிறுவுங்கள். கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து ‘கன்வர்ட்’ போய் ‘ஃப்ளாக்’ தேர்வு செய்யுங்கள். கேசட்டைப் பதிவு செய்ய ‘ஆடாசிட்டி’ போதும், அதுவும் இலவசம்.

3. புதுக் கோப்பின் கால அளவு பழையதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் கேளுங்கள்.

4. கோப்புக்குப் பெயர், ஊர், ஆண்டு சேர்த்துப் பெயரிடுங்கள். ‘ரெக்கார்டிங் 07’ யாருடைய குரல் என்று பத்து வருஷம் கழித்து யாருக்கும் தெரியாது.

கவனம்!

‘ஆன்லைனில் மாத்தித் தர்றோம்’ என்னும் முன்பின் தெரியாத தளங்களில் வீட்டுப் பேச்சுப் பதிவுகளை ஏற்றாதீர்கள். ஒருவரின் குரலும் அவரது தனிப்பட்ட தகவல்தான். வாட்ஸ்அப்பில் உறவினர்களுக்கு அனுப்பும்போது ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். கோப்பு அப்படியே போய்ச் சேரும்.

மாற்றி முடித்ததும் ஒரு நகல் கணினியில், ஒன்று பென்டிரைவில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பழுதானாலும் மற்றது கைகொடுக்கும்.