ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா, அதுவும் வானத்திலிருந்து! தெரியுமா?

யாரும் உரம் போடாத ஒரு காட்டில் வருஷாவருஷம் ஏக்கருக்கு ஒரு மூட்டைக்கு மேல் யூரியா போட்ட கணக்காகத் தழைச்சத்து விழுந்துகொண்டிருந்தது, தெரியுமா? நெதர்லாந்தில் ஐசல்ஸ்டைன் என்ற ஊரை ஒட்டிய பைன் காடு அது. 1990 வாக்கில் அளந்து பார்த்தார்கள். ஹெக்டேருக்குச் சுமார் 60 கிலோ! நம் ஊர் 45 கிலோ யூரியா மூட்டையில் இருக்கும் தழைச்சத்தே 20 கிலோ சொச்சம்தான். அப்படியானால் இதைத் தூவியது யார்? சுற்றுவட்டாரத்து மாடு, பன்றி, கோழிப் பண்ணைகள்தான். சாணத்திலும் மூத்திரத்திலும் கிளம்பும் அமோனியாவோடு கார் புகையும் ஆலைப் புகையும் சேர்ந்துகொண்டன. மரங்கள் காற்றைச் சீப்பு மாதிரி வாரி எடுப்பவை. அதனால் வெட்டவெளியைவிடக் காட்டில் அதிகம் படியும், காட்டின் ஓரத்து மரங்களில் அதைவிட அதிகம்.

‘காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தானே, இதில் என்ன புதுசு?’ என்பீர்கள். அது பூட்டிய பெட்டி ஐயா! இரண்டு அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இறுகிக் கிடக்கின்றன, மரத்தால் பிரிக்க முடியாது. மின்னலிடமும் சில பாக்டீரியாக்களிடமும் மட்டும் இருந்த சாவி, 1913-ல் ஜெர்மனியின் ஒப்பாவில் முதல் ஹேபர்–போஷ் ஆலை ஓடத் தொடங்கியபோது பெரிய அளவில் மனிதன் கைக்கு வந்தது. அரைவயிற்றுக் கஞ்சியில் வளர்ந்து பழகிய காட்டுக்கு அதன்பிறகு தினமும் பந்தி. (அமிர்தம், நஞ்சு என்று ஒரு பழமொழி இந்நேரம் உங்கள் நாக்கு நுனிக்கு வந்திருக்கும். கொஞ்சம் பொறுங்கள், விஷயம் அதைவிடச் சுவாரஸ்யமானது.)

டச்சு மொழியில் நைட்ரஜனின் பெயரே ‘ஸ்டிக்ஸ்டோஃப்’, அதாவது மூச்சுமுட்ட வைக்கும் பொருள்! 2019 மே மாதம் அந்த நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம், அரசின் நைட்ரஜன் திட்டம் இயற்கைப் பகுதிகளைக் காக்கப் போதாது என்று தள்ளிவிட்டது. அக்டோபரில் கோபத்தோடு விவசாயிகள் டிராக்டர்களை ஓட்டிக்கொண்டு ஹேக் நகருக்கே வந்துவிட்டார்கள். 2020 மார்ச்சில், 130 வரை பறக்கலாம் என்றிருந்த நெடுஞ்சாலைகளில் பகல் வேக வரம்பு 100 கிலோமீட்டராகக் குறைந்தது. ஒரு சத்துக்காக ஒரு நாடே பிரேக் போட்டதை வேறெங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

செட்டிநாட்டு மசாலாவில் போடும் கல்பாசியும் இந்தக் கதையில் வருகிறது, தெரியுமா? அதன் இனத்துக்கு வேர் கிடையாது, சாப்பாடு முழுக்கக் காற்றிலும் மழையிலும்தான். அதனால் காற்று மாறினால் முதலில் காட்டிக்கொடுப்பது இந்தக் கூட்டம். அமோனியா மிகுந்த ஐரோப்பியக் காடுகளில் எளிதில் வாடும் பழைய இனங்கள் ஒதுங்கிக்கொள்ள, மரப்பட்டையில் மஞ்சளாக ஒரு கற்பாசி படர்ந்துவிடும். கருவியே வேண்டாம், நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

மண்ணுக்கடியிலும் ஒரு கூத்து நடக்கிறது. மரம் தன் வேரைச் சுற்றிய பூஞ்சைகளுக்குச் சர்க்கரையைக் கூலியாகக் கொடுக்கும், அவை தழைச்சத்தைத் தேடிக் கொண்டுவந்து கொடுக்கும். தழைச்சத்து இலவசமாகவே கொட்டினால்? மரம் கூலியை வெட்டிவிடுகிறது! அலாஸ்காவின் கீனாய் தீபகற்பத்தில் ஓர் உர ஆலையை நெருங்க நெருங்க, காட்டில் வேர்ப்பூஞ்சை வகைகள் குறைந்துகொண்டே போனதைக் கண்டார்கள். இலைதழை மக்குவதிலும் ஒரு மாற்றம். குப்பைக்குழியில் யூரியா தூவினால் வைக்கோல் சீக்கிரம் மக்கும் என்று நம் விவசாயிக்குத் தெரியும். காட்டிலோ தலைகீழ்! மாசசூசெட்ஸின் ஹார்வர்டு காட்டில் 1988 முதல் வேண்டுமென்றே தழைச்சத்தைப் போட்டுப் பார்த்தார்கள். அங்கே மக்குவது மெதுவானது, கார்பன் மண்ணிலேயே தேங்கியது. அதிக அளவு விழுந்த இடத்துச் சிவப்புப் பைன்கள் செத்து விழுந்தன.

எல்லா மரமும் சாகவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் வடகிழக்கில் 24 மர இனங்களை ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டார்கள். தழைச்சத்து கூடக்கூட 11 இனங்கள் நன்றாகக் கொழுத்தன, 3 இனங்கள் இளைத்தன. பந்தியில் யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்பதே மாறிவிட்டது.

இப்போது என்னைத் தூங்கவிடாத தகவலுக்கு வருகிறேன். நெதர்லாந்தின் வேலுவ காட்டில் ஒரு சிட்டு இருக்கிறது. நம் மலைகளில் பறக்கும் பட்டாணிக்குருவிக்கு நெருங்கிய சொந்தம். முட்டையிடும் நாட்களில் பெட்டைக்கு எக்கச்சக்கமாகச் சுண்ணாம்புச்சத்து வேண்டும். ஓர் ஈட்டு முட்டைகளுக்குத் தேவையான சுண்ணாம்பு அதன் சொந்த எலும்புக்கூட்டில் இருப்பதைவிட அதிகம்! எனவே அது பொழுது சாயும் நேரத்தில் தரையில் நத்தை ஓடு பொறுக்கும். ஆனால் கந்தக அமில மழையும் நைட்ரஜனும் அந்தக் காட்டு மணலைப் புளிக்க வைத்து, சுண்ணாம்பைக் கரைத்து ஓட்டிவிட்டன. நத்தை அருகியது. ஓடு மெலிந்த முட்டைகள் உடைந்தன. காலிக் கூட்டில் அடைகாத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தனவாம் சில தாய்கள். பின்னாளில் கால் எலும்பு ஒடிந்த குஞ்சுகளையும் கூட்டுப் பெட்டிகளில் பார்த்திருக்கிறார்கள்.

யாப் கிராவலாண்ட் என்ற ஆய்வாளர் 1990-களில் நத்தை ஓட்டையும் கோழிமுட்டை ஓட்டையும் கூட்டருகே வைத்துப் பார்த்தார். முட்டைகள் உடனே தேறின! அதோடு இன்னொன்றும் அவர் கண்ணில் பட்டது. அதே மோசமான காட்டுக்குள் சில இடங்களில் மட்டும் சிட்டுகள் எந்தக் குறையும் இல்லாமல் முட்டையிட்டன. ஏன் தெரியுமா? பக்கத்தில் சுற்றுலாக்காரர்கள் கட்டுச்சோறு பிரித்துச் சாப்பிடும் இடம். அவித்த முட்டையை உரித்து அவர்கள் எறிந்துவிட்டுப் போன ஓட்டைத்தான் அவை கொத்திக்கொண்டிருந்தன.