சிறு பொருளில் ஒரு தொழிற்படம்



தொழில் நிறுவனம் ஒன்று தன்னை உலகிற்கு அறிமுகப்படுத்தும் படம் எடுக்கப் பெரும்பொருள் வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். திரைப்பட வரலாறோ வேறு விதமாகக் கூறுகின்றது. 1895-ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டின் லியோன் நகரில், லூமியேர் சகோதரர்கள் தங்கள் தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர் வெளிவரும் காட்சியைப் படமாக்கினர். அது ஒரு நிமிடமும் ஓடாது. அதற்கென அமைத்த அரங்கம் இல்லை, கூலிக்கு அமர்த்திய நடிகர் இல்லை, கதிரவனே விளக்கு.

1934-இல் பேசில் ரைட் என்பார், இலங்கைத் தேயிலை விளம்பர வாரியத்திற்காக ‘சாங் ஆஃப் சிலோன்’ என்னும் படத்தை எடுத்தார். அது தேயிலையின் பெருமையை முழங்கவில்லை. மலையேறும் அடியார்களையும் உழைக்கும் மக்களையும் காட்டியது. அதனாலேயே இன்றும் நினைக்கப்படுகின்றது.

இவ்வுண்மையை நான் திருவொற்றியூரில் நேரிற் கண்டேன். என் பழைய மாணவர் ஒருவர் அங்கே ஆறு தொழிலாளருடன் லேத் பட்டறை நடத்துகின்றார். வேலை குறைந்து, இருவரை நிறுத்திவிடும் நிலை வந்தது. வெளியூர்க்காரர்க்குப் பட்டறையைக் காட்ட ஒரு படம் வேண்டும். கையிலிருந்ததோ பத்தாயிரம் ரூபாய். பள்ளியில் நாடகம் பயிற்றியவன் என்பதால் என்னிடம் வந்தார்.

“நண்பரின் பெரிய ஆலையில் புதிய இயந்திரங்கள் உள்ளன, ஐயா. அவற்றைப் படம் பிடித்துக்கொள்ளலாமா?” என்றார்.

“வாங்குபவர் நேரில் வந்தால் எந்த இயந்திரத்தைக் காட்டுவாய், தம்பி?” என்றேன். அவர் பேசவில்லை.

முதலில் ஒரு தாளில் ஒரே வாக்கியம் எழுதினோம்: ‘இங்கே அளவு தவறாது.’ அதற்கு உதவாத காட்சிகளை நீக்கினோம், பன்னிரண்டு எஞ்சின. காகிதத்தில் அடிப்பதற்குக் காசில்லை. எடுத்த பின் வெட்டினால் உழைப்பு வீண்.

அடுத்தது ஒளி. அங்கே கடல் கிழக்கே உள்ளது. காலை ஏழு முதல் ஒன்பது வரை வாயில் வழியே வரும் வெயிலே போதுமாயிற்று. மூன்றாவது ஒலி. மங்கிய படத்தை மக்கள் பொறுப்பர். புரியாத பேச்சைப் பொறார். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளின் இரைச்சல் ஓய்வதில்லை. ஆகவே சரக்கறையில், கழிவுப் பஞ்சு மூட்டைகளுக்கிடையே பேச்சைத் தனியே பதிவு செய்தோம். பஞ்சு எதிரொலியை விழுங்கிவிடும். மாணவரின் மகள் கைப்பேசியிலேயே படம் பிடித்தாள். இருந்த பணம் ஒலிவாங்கிக்கும் படத்தொகுப்பாளருக்கும் சென்றது.

படப்பிடிப்பின்போது, முதிய தொழிலாளி ஒருவர் தாம் கடைந்த தண்டைத் திருகு அளவியால் அளந்தார். 0.02 மில்லிமீட்டர் பிழை. ஒன்றும் பேசாமல் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, வேறொன்றை எடுத்தார்.

“பிழையைக் காட்டலாமா, ஐயா? வெட்டிவிடுவோம்” என்றார் மாணவர்.

“பிழையை மட்டுமா காட்டுகிறது? அதை ஒதுக்கும் கையையும் காட்டுகிறதே!” என்றேன். காட்சி நிலைத்தது.

சில வாரங்களுக்குப் பின் படத்தைப் பார்த்து ஒருவர் வந்தார். அவர் முதலிற் கேட்டது, அம்முதியவரின் மேசை எங்கே என்பதைத்தான். கொடுத்த வேலை சிறிதே. ஆயினும் அம்மாதம் எவரையும் நிறுத்த நேரவில்லை.

மாணவர்களே, பொருள் குறைவானால் சிந்தனையைக் கூட்டுங்கள். இரவல் அணிகலன் ஒரு நாளைக்கே அழகு தரும். சொந்தக் கையின் திறமோ என்றும் துணை நிற்கும்.